குளவி கொட்டிய கை

பெங்களூர் ஹெப்பாளில் ஃபேக்டரி கட்டும் இடத்தில் என் வீட்டுக்காரர் அய்யாவு கொத்தனார், நான் சித்தாள். வயிற்றில் ஐந்து மாதமானதும் என்னை வேலைக்கு வராதே என்று தகர ஷெட்டிலேயே உட்கார வைத்துவிட்டார். முன்னால் இரண்டு தங்கவில்லை. இதுவாவது தங்கட்டும் என்று, தொண்ணூற்றாறாம் வருஷம் ஆடி அமாவாசைக்கு மாதேஸ்வரன் மலையில் வேண்டிக்கொண்டு வலது மணிக்கட்டில் மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டார். பிள்ளையோடு மலையேறித்தான் அதை அவிழ்க்க வேண்டும்.

இன்று மத்தியானம் செங்கல் அடுக்கைப் பிரித்தபோது அவருக்கு அந்தக் கையிலேயே குளவி கொட்டிவிட்டது. பாழாய்ப்போன குளவிக்கு வேறு இடமா கிடைக்கவில்லை? சுண்ணாம்பு தடவினேன், வெங்காயம் தேய்த்தேன். கை அது பாட்டுக்கு வீங்கிக்கொண்டே போனது. கயிறு சதைக்குள் புதைந்துவிட்டது. சிமெண்ட் ஊறிய முடிச்சு. தளர்த்தப் பார்த்ததில் என் நகம்தான் உடைந்தது.

பக்கத்து ஷெட் கன்னடக்காரி லிங்கம்மா சோடாக் கடையில் ஐஸ் வாங்கி வந்தாள்.

"விரலெல்லாம் நீலமாச்சு நோடம்மா. சுண்ணாம்பு பேடா, வேணாம், கழுவு. ஃபஸ்ட்டு அந்தக் கயித்த கட் பண்ணு, ஆமேலே ஐஸ் வை," என்று கத்தரிக்கோலை நீட்டினாள்.

அவர் கையை மார்போடு இழுத்துக்கொண்டார். "வேண்டாம் புள்ள. வவுத்துல இருக்கறதுக்கு ஏதாச்சும் ஆயிருச்சுன்னா?"

"கை போனா எதுலீங்க கொத்துக்கரண்டி புடிப்பீங்க? பொறக்கறதுக்கு யாரு சோறு போடுவாங்க?" என்றேன்.

எனக்கு மாதேஸ்வரன் மேலேயே ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. கயிற்றை வெட்டினாலும் பயம், வெட்டாவிட்டாலும் பயம். கத்தரிக்கோலை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன்.

அவர் சுண்டுவிரலைக் கிள்ளினேன். "தெரியுதுங்களா?"

"தெரியல."

லிங்கம்மா அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள். அவர் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் வெட்டினேன்.

கையைக் கழுவி, துணியில் ஐஸைச் சுற்றி வைத்து, தலையணை மேல் தூக்கி வைத்தோம். கொஞ்சம் கொஞ்சமாக நிறம் திரும்பியது. விரல்கள் மடங்கின. அவர் அதைப் பார்க்கவே இல்லை; என் வயிற்றையே பார்த்தார்.

"அசையுதா புள்ள?"

சோறு உண்டதும் தினமும் உதைக்கும். வயிற்றின் மேல் கையை வைத்தேன்.

"அசையுதுங்க," என்றேன்.

அவர் நிம்மதியாகக் கண்ணை மூடினார். நான் கையை எடுக்காமல் உட்கார்ந்திருக்கிறேன். உள்ளே இன்னும் ஒன்றும் அசையவில்லை.