பேசித் தீராதது

மனநல ஆலோசகரான அவளிடம் வருகிறவர்கள் அழுது முடித்து, பாரம் இறங்கி எழுந்து போவார்கள். எதையும் பேசித் தீர்த்துவிடலாம் என்பதுதான் வாழ்க்கையைப் பற்றி அவளுக்கிருந்த ஒரே நம்பிக்கை. கல்யாணமாகி ஆறே மாதத்தில் மகள் பெட்டியோடு வாசலில் வந்து நின்ற மத்தியானம் அது ஆட்டம் கண்டது.

“இனிமே அங்க போகமாட்டேன்மா.”

“சரி. இப்போ உன் மனசுக்கு எப்படி இருக்கு?”

“ஐயோ! உன்கிட்ட வர்றவங்ககிட்ட பேசற மாதிரி என்கிட்ட பேசாதம்மா!” அறைக்கதவு படாரென்று சாத்திக்கொண்டது.

அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. துடைத்த அடுப்பையே திரும்பத் துடைத்தாள். மாப்பிள்ளைக்குப் போன் போடப் போய், மணி அடிப்பதற்குள் வைத்துவிட்டாள். கதவருகே போனாள், திரும்பினாள். நல்ல நல்ல வாக்கியங்கள் வாய்வரை வந்தன. எல்லாமே ஊரார் பிள்ளைகளுக்குச் சொன்னவை.

கடைசியில் தட்டாமலேயே உள்ளே போனாள். “எனக்குப் பயமா இருக்குடி. அடிச்சானா உன்னை? சும்மா விடமாட்டேன் அவனை!” சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

மகள் திகைத்துப் பார்த்தாள். அம்மா அழுது அவள் பார்த்ததே இல்லை. “அடிக்கலம்மா. பேசறதே இல்ல. வாரக்கணக்கா ஒரு வார்த்தை கிடையாது. நான் கேட்டா, சுவத்தைப் பாத்துட்டு எழுந்து போயிடுவார்.” சொல்லிவிட்டு, பக்கத்தில் வந்து உட்கார்ந்த அம்மாவின் மடியில் சாய்ந்தாள். “நான் என்னம்மா பண்ணட்டும்?”

“தெரியலடி” என்றாள் அவள். இத்தனை வருஷத்தில் யாரிடமும் அவள் இப்படிச் சொன்னதில்லை. மகளின் தலையைக் கோதிய கை மட்டும் நிற்கவே இல்லை.