நாலாம் மாடி வாஷிங் மெஷின்

வெள்ளம் தரைத்தளத்தை விழுங்கி மூன்று நாளாகிவிட்டது. ஆறு மாடிக் குடியிருப்பின் உச்சியில், செல்போன் டவரைக் கட்டிக்கொண்டு அழுதவள் ஒரே ஒருத்தி. டெக்னீஷியன். குடியிருப்பே அவளை ‘டவர் அக்கா’ என்றுதான் கூப்பிடும். கரண்ட் கிடையாது, பேட்டரியும் நேற்றே கைவிரித்துவிட்டது, ஓடுவதெல்லாம் ஜெனரேட்டரில். காலையில் ஊற்றிய டீசல், சாயங்காலம் படகில் அடுத்த கேன் வரும்வரை தாங்க வேண்டும்.

மதியம் தம்பி கூப்பிட்டான். ஆற்றோர வீட்டு மொட்டைமாடியில் மனைவி, கைக்குழந்தையோடு மாட்டிக்கொண்டிருந்தான்.

“அக்கா, ரெஸ்க்யூ போட்டு கிளம்பிடுச்சாம். வழி கேட்டுக் கூப்பிடுவாங்களாம்…”

ஜெனரேட்டர் இருமி இருமி நின்றது. லைனும் போய்விட்டது.

மூடியைத் திறந்து பார்த்தாள். டேங்கில் சொட்டு டீசல் இல்லை. அதெப்படித் தீரும்? அப்போதுதான் ஜெனரேட்டரிலிருந்து சுவரேறிக் குதித்த வயர் கண்ணில் பட்டது. அதைப் பிடித்துக்கொண்டே படியிறங்கினாள். நாலாம் மாடியில், குடியிருப்போர் சங்கச் செயலாளர் வீட்டு வாஷிங் மெஷினில் போய் முடிந்தது. ஊரே தண்ணீரில் மிதக்கிறது, இந்த மகானுபாவர் போர்வை துவைத்துக்கொண்டிருக்கிறார்!

“உங்களுக்கு மனசாட்சி இருக்கா சார்? என் தம்பி பச்சக் குழந்தையோட தண்ணி நடுவுல நிக்கிறான். டவர் இல்லாம போட்டுக்காரங்க அவனை எப்படிக் கண்டுபிடிப்பாங்க?”

செயலாளர் மெஷின் வயரைப் பிடுங்கினார்.

“ஒரு வயர்தானேன்னு நெனச்சேம்மா…”

டியூபும் வாளியுமாக முதல் மாடி பார்க்கிங்குக்கு ஓடினார். அங்கே அவருடைய புத்தம்புது டீசல் கார். உறிஞ்சியதில் ஒரு மடக்கு வாய்க்குள்ளேயே போய்விட்டது. துப்பித் துப்பி வாளியை நிரப்பினார். அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள் ஓடிவந்து படிக்கொருவராக நின்று வாளியைக் கைமாற்றி மேலே ஏற்றினார்கள்.

ஜெனரேட்டர் உறுமியது. டவருக்கு உயிர் வரப் பத்து நிமிஷம் ஆகும். எல்லோரும் மொட்டைமாடிக்கு ஏறிவந்து அவள் கையிலிருந்த போனையே பார்த்தார்கள்.

போன் அடித்தது.

“அக்கா! லைன் வந்ததும் கூப்பிட்டாங்க. பக்கத்துத் தெருவுலதான் சுத்திட்டு இருந்தாங்களாம். ஏறிட்டோம்கா. பாப்பா தூங்குறா.”

“வந்துட்டாங்க!” என்று அவள் கத்த, மொட்டைமாடியே கைதட்டியது. செயலாளர் டீசல் வாயோடு விசிலடித்தார். அவளுக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

“டேய், சார்ஜ் தீர்ந்துடும், போனை வைடா,” என்றாள்.

“சரிக்கா,” என்றான்.

அவனும் வைக்கவில்லை, இவளும் வைக்கவில்லை.