இரண்டு பேருக்கான தார்ப்பாய்

"நீலத் தார்ப்பாய் போதும்ட்டி, நம்ம கோழிக்கூட்டுக்கு மேல எத்தன வருசமா—"

"மைனி, அது கனம்! தோளில தூக்கிட்டு மல ஏறணும்லா, ஜானவி சொன்னா—"

"ஒரு கோழி நனைஞ்சுதா? ஒரே ஒரு கோழி நனைஞ்சுதா, சொல்லு—"

"—நைலான்னா மடிச்சு ஒரு டிபன் டப்பாக்குள்ள வச்சிரலாம்னு—"

ஆரியசாலை பஜாரில் வன்னியராஜின் கடை வாசலில் நின்று இருவரும் ஒரே மூச்சில் பேசிக்கொண்டிருந்தார்கள். தார்ப்பாயும் கயிறும் மழைக்கோட்டும் விற்கிற கடை. வன்னியராஜ் ஒரு கையில் நீலத்தையும் மறு கையில் சாம்பல் நிற நைலானையும் பிடித்தபடி, யார் முதலில் ஓய்வார்கள் என்று காத்துக்கொண்டு நின்றார்.

மைனி ரத்னாபாய். சுசீலாபாயின் அண்ணன் மனைவி. அண்ணன் இறந்த பிறகும் நாத்தனாரும் மைனியும் ஒரே காம்பவுண்டில்தான். சபை கன்வென்ஷன் கூட்டம், கல்யாண வீடு, கண் ஆஸ்பத்திரி, எதற்கும் சேர்ந்தே போவார்கள், சேர்ந்தே வருவார்கள். சுசீலா வேலையிலிருந்து ஓய்வுபெற்று, காலையில் மியூசியம் வளாகத்தில் நடக்கப் போக ஆரம்பித்தாள். அங்கேதான் அந்த ஜானவி வந்து ஒட்டிக்கொண்டாள். அன்றிலிருந்து எதற்கெடுத்தாலும் 'ஜானவி சொன்னா'. இப்போது அந்த நடைக்கூட்டம் போனக்காட்டு மலைப் பக்கம் யாருடைய எஸ்டேட்டிலோ மரத்துக்கு மரம் துணித் தொட்டில் கட்டி ஒரு ராத்திரி தூங்கப் போகிறதாம். சுசீலாவுக்கு இதுதான் முதல் தடவை.

"பென்ஷன் வாங்குத வயசுல தொட்டில்ல கிடக்கப் போறா," என்றாள் ரத்னாபாய் வன்னியராஜிடம். "பால்குப்பி இருந்தா ஒண்ணு எடுங்க அண்ணாச்சி, குடுத்துவிடுவோம்."

"இப்பம் நெறைய பேரு இது கேட்டு வாறாங்கக்கா," என்றார் அவர், யார் பக்கமும் சாயாமல். "ஐப்பசி துலா மழ சாஞ்சுல்லா அடிக்கும். பாய் தொட்டிலவிட ரெண்டு பக்கமும் ஒரு அடியாவது கூட நிக்கணும். இல்லன்னா தலையும் நனையும், காலும் நனையும். ஒருத்தருக்கா, ரெண்டு பேருக்கா?"

"ரெண்டு பேருக்கு," என்றாள் சுசீலா. "பக்கத்துப் பக்கத்துல ரெண்டு தொட்டில். மேல ஒரே பாய்."

ரத்னாபாயின் நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று எழுந்து உட்கார்ந்தது. ரெண்டு பேருக்கு. ஒரே பாய். இவளுக்குத் தன்னை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?

"அந்த நீலத்த உள்ள வைங்க அண்ணாச்சி," என்றாள். "அது கோழிக்குத்தான் கொள்ளாம்."

சுசீலா திரும்பிப் பார்த்தாள். "என்ன மைனி, இப்பந்தானே—"

"பின்னே? மல ஏறுதவங்க கல்லு மாதிரி ஒண்ணத் தூக்கிட்டுப் போவாங்களா? நல்ல அகலமா எடுங்க. ஓரம் தாழ இறங்கணும். இந்தக் காதுக்கு ரெட்டத் தையல் போட்டிருக்கா?" மூலையில் கயிறு கட்டுகிற காதுகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தாள். கம்பளிச் சால்வை அலமாரியில் எந்தத் தட்டில் இருக்கிறது என்று மனசு தேடத் தொடங்கிவிட்டது. முட்டுக்குத் தைலம், ஒரு பிளாஸ்க். தொட்டிலில் எப்படி ஏறுவது என்பதை அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

வன்னியராஜ் பாயின் ஒரு பக்கத்தை ஷட்டர் கொக்கியிலும் மறு பக்கத்தை வாசல் தூணிலும் கட்டி, மேலே ஒரு கோப்பைத் தண்ணீரை ஊற்றினார். ரத்னாபாய் குனிந்து அடியில் போய் நின்றாள். "பாத்தியா, ஒரு சொட்டு இல்ல!"

"நீளம் இன்னும் கொஞ்சம் வேணும் மைனி. ஜானவி நல்ல உயரம். அவ தொட்டிலே பதினோரு அடி வரும்."

பாயின் ஓர மடிப்பில் தேங்கிய தண்ணீர் மெல்ல வழிந்து ரத்னாபாயின் முதுகில் இறங்கியது.

"அவளுக்குச் சொந்தமா ஒரு பாய் இல்லியா?"

"இருக்கு, ஒருத்தருக்குள்ளது. எனக்கு முத தடவைலா, ராத்திரி பேடிச்சா பக்கத்துல ஆள் வேணும்னு அவளே சொன்னா."

"அண்ணாச்சி, சின்னது போதும்," என்றபடி ரத்னாபாய் வெளியே வந்தாள். "அவளவ பாய்க்கு அடியில அவளவ கிடக்கட்டும். கண்டவளுக்கும் நம்ம பாயில என்ன எடம்?"

"நம்ம பாயா? மைனி, நான் உங்களக் கூப்பிட்டேம்லா! அடுக்களையில வந்து நின்னு கேட்டேன். 'நான் என்ன வவ்வாலா, மரத்துல தொங்க'ன்னு சொன்னிய."

"ஒருக்கா கேட்ட!"

"பின்னே எத்தன தடவ கேக்கணும்?"

"ஒருக்கா கேட்டதும் பல்லக் காட்டிட்டு வர நான் என்ன அலைஞ்சு கெடக்கேனா? இந்த வீட்டுக்கு வந்ததுலருந்து ஒரு கிளாஸ் சாயா முத கேள்வியில வாங்கிக் குடிச்சிருக்கேனா, சொல்லு!"

குடித்ததில்லை. அந்தக் குடும்பத்தில் யாருமே குடித்ததில்லை. முதலில் கேட்டால் வேண்டாம். இரண்டாவது கேட்டால் 'எதுக்கு வீணா'. மூன்றாவது கேட்ட பிறகு, சலித்துக்கொண்டே கை நீட்டுவதுதான் மரியாதை. சுசீலாவும் அப்படி வளர்ந்தவள்தான்.

"சாயாவுக்கு மூணு தடவ கேப்பேன் மைனி. காட்டுக்குமா?"

"காட்டுக்குத்தான்டி கேக்கணும்!"

வன்னியராஜ் கயிறு தேடுகிற சாக்கில் உள்ளே போய்விட்டார். சுசீலா பாயின் ஈரத்தை உள்ளங்கையால் வழித்துக்கொண்டிருந்தாள். பிறகு தாழ்ந்த குரலில் சொன்னாள்:

"உள்ளதச் சொல்லட்டா? ரெண்டாவது கேட்டா நீங்க வருவியன்னு எனக்குத் தெரியும். அதான் கேக்கல்ல."

"என்னது?"

"எங்க போனாலும் நம்ம ரெண்டு பேரும். உங்களுக்கு முட்டு வலிச்சா நான் உக்காரணும், உங்களுக்குக் குளிர்ந்தா நான் எழும்பணும். கோவிச்சுக்காதீங்க மைனி. ஒரு ராத்திரிதானே கேட்டேன்."

ரத்னாபாய்க்குச் சொல்ல எவ்வளவோ வாயில் வந்தது. சுசீலாவுக்கு டைபாய்டு வந்தபோது ராத்திரியெல்லாம் விழித்திருந்தது யார் என்று கேட்கலாம். ஆட்டோவில் ஏறித் தனியாக வீட்டுக்குப் போய், இரண்டு வாரம் பேசாமல் இருக்கலாம். ஆனால் கண்ணுக்கு முன்னால் நின்றது அந்தப் பாய்தான். மழை கொட்டுகிறது. அடியில் இரண்டு தொட்டில். ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் கை எட்டும் தூரம். நீளக் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு ஜானவி என்னவோ சொல்கிறாள், சுசீலா வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். வேறு எதற்குச் சிரிப்பார்கள்? வவ்வால் கதைக்குத்தான்.

வன்னியராஜ் இன்னொரு சுருளோடு வெளியே வந்தார். "எதக் கட்டட்டும் அக்கா? இது இருக்கதுலயே பெருசு. நெருக்கிக் கட்டினா மூணு தொட்டில்கூட அடங்கும்."

இது வேண்டும் என்று யாரிடமும் வாய்திறந்து கேட்டுப் பழகாத ரத்னாபாய், அந்தப் பெரிய பாயின் மூலைக் காதை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள், மறுபடி சுற்றினாள்.

"சுசீ, நானும் வரட்டா?"