காந்தம் ஒட்டும் சம்புடம்

அன்றைக்குக் கிளைட்டனுக்கு வந்த எரிச்சலுக்கு அளவே இல்லை. சாயந்தரம் பெங்களூருக்கு ரயில். மேசைமேல் பொம்மைப் படைகளை நிறுத்தி விளையாடுகிறவர்கள் கூடும் இடத்தில் நடக்கும் பொம்மை செய்யும் போட்டிக்கு, கட்டைவிரல் உயரமே உள்ள தன் பொம்மைகளைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அத்தனையும் முத்துக்குளிக்கிற ஆட்கள். காலில் கல், இடுப்பில் கூடை, மயிரிழை போலக் கயிறு. கண் நோக உட்கார்ந்து அவனே செய்து சாயம் தீட்டியவை.

போன தடவை பஞ்சில் பொதிந்து கொண்டுபோனான். அங்கே போய்த் திறந்தால் கை தனி, கயிறு தனி. நடுவர் எட்டிப் பார்த்துவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார். துறைமுகத்தில் கிளியரிங் ஆபீஸில் வேலை பார்த்துக்கொண்டு, கன்டெய்னருக்குள் சரக்கு அசையாமல் இருக்க ஊருக்கெல்லாம் யோசனை சொல்கிறவனுக்கு இந்தக் கதி. அந்த அவமானம் இன்னும் ஆறவில்லை.

இந்தத் தடவை ஒவ்வொரு பொம்மையின் அடியிலும் பொட்டு அளவு காந்தம் ஒட்டியாயிற்று. தகர டப்பாவுக்குள் நிறுத்திவிட்டால் ரயில் எப்படிக் குலுங்கினாலும் நின்ற இடத்தில் நிற்கும். பரணில் கிடந்த பிஸ்கட் டப்பாவை எடுத்து ஒன்றை நிறுத்திப் பார்த்தான். உப்புக்காற்று தின்ற டப்பா. லேசாக ஆட்டியதும் பொம்மை துருச் செதிலோடு பெயர்ந்து உருண்டது. மாசக்கணக்கில் காந்தம் ஒட்டத் தெரிந்தவனுக்கு டப்பாவை ஒருதடவை திறந்து பார்க்கத் தெரியவில்லை. யாரைத் திட்டுவது?

ஞாயிற்றுக்கிழமை. இரும்புக்கடை எல்லாம் அடைப்பு. முகூர்த்த நாள் என்பதால் சங்கரலிங்கம் அண்ணாச்சியின் எவர்சில்வர் கடை மட்டும் திறந்திருந்தது.

“அகலமா ஒரு சம்புடம் வேணும் அண்ணாச்சி. காந்தம் ஒட்டணும்.”

“ஒட்டக் கூடாதுன்னுதான தம்பி கேப்பாவ?”

காந்தம் ஒட்டாததுதான் அசல் எவர்சில்வர், ஒட்டினால் மட்டம் என்பது ஊர் நம்பிக்கை. அதைக் காட்டுவதற்கென்றே அண்ணாச்சி கல்லாவில் ஒரு காந்தம் வைத்திருந்தார்.

“எனக்கு ஒட்டணும் அண்ணாச்சி.”

“எதுத்த கடைக்காரன் அனுப்பி வாரியளோ?” என்று முகத்தைச் சுருக்கிக்கொண்டு, அடுக்கிலிருந்து ஒவ்வொன்றாக இறக்கிக் காந்தத்தை வைத்துக் காட்டினார். “இந்தா, ஒட்டுதா? இதுல? நம்ம கடைச் சாமான்ல ஒட்டவே ஒட்டாது.”

கல்யாணச் சாமான் வாங்க வந்த கூட்டம் மெச்சித் தலையாட்டியது. கிளைட்டனுக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது. “மட்டச் சரக்கு ஒண்ணாவது உள்ள கெடக்காதா அண்ணாச்சி?” என்று கேட்டுவிட்டான். கேட்டிருக்கக் கூடாது. அண்ணாச்சி காந்தத்தைக் கல்லாவில் போட்டு அறைந்து மூடினார்.

“சாமான் வாங்க வந்தவங்களுக்கு வழிய விடுங்க.”

வீட்டுக்கு வந்து நேரே அடுக்களைக்குள் புகுந்தான். கையில் ஒரு பொம்மை. குடத்தில் வைத்தான், வழுக்கியது. தட்டில், தூக்குவாளியில், இட்லிக் கொப்பரையில் வைத்தான். இந்த வீட்டில் எல்லாமே அசலாக இருந்து தொலைக்க வேண்டுமா என்று பல்லைக் கடித்தான்.

மேல் தட்டில் அவன் மனைவி ரீனாவின் சீர்ச் சாமான் இருந்தது. அவள் அப்பா பர்னபாஸ் ஆலந்தலையிலிருந்து வண்டியில் கொண்டுவந்து இறக்கியது. மூடிக்கு மூடி அவர் பெயர் வெட்டியிருக்கும். “உங்கப்பன் வேற என்னத்தக் குடுத்தான்” என்று கிளைட்டனின் அம்மா பிலோமி குத்தும்போதெல்லாம், “எங்கப்பா குடுத்தது அசல், மாமி. காந்தம் ஒட்டாது” என்பாள் ரீனா. அந்த ஒரு பதில்தான் அவளிடம் இருந்தது.

நம்பிக்கையே இல்லாமல் முறுக்குச் சம்புடத்தை இறக்கிப் பொம்மையை உள்ளே நிறுத்தினான். டக்கென்று பிடித்தது. கவிழ்த்தான். தலைகீழாகத் தொங்கியது.

“ஒட்டிட்டு,” என்று கத்தியேவிட்டான்.

“என்னலே ஒட்டிட்டு?” முன்னறையிலிருந்து பிலோமியின் குரல் கேட்டது.

அப்போதுதான் அடுக்களை வாசலில் ரீனா நிற்பதைப் பார்த்தான். அவள் கண் மூடியில் வெட்டியிருந்த பெயர்மேல் இருந்தது.

“ஒண்ணுமில்லம்மா. பசை,” என்றான்.

ரீனா பொம்மையை வாங்கி அப்பா கொடுத்த குடத்தில் வைத்தாள். டக். அடுக்குச் சட்டியில் வைத்தாள். டக். அதற்கு மேல் வைத்துப் பார்க்கவில்லை.

“உங்கப்பாவ எவனோ ஏமாத்திருக்கான், ரீனா,” என்றான் மெதுவாக.

ரீனா மற்றப் பொம்மைகளை எடுத்து, கயிறு அறுந்துவிடாமல், சம்புடத்துக்குள் வரிசையாக நிறுத்தினாள். ஒவ்வொன்று பிடிக்கும்போதும் அவள் உதடு இறுகியது. ஒன்றுகூட அசையவில்லை. இந்தத் தடவை எல்லாம் முழுசாகப் போய்ச் சேரும்; அது அவனுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. சந்தோஷப்படத்தான் முடியவில்லை.

மூடியை அழுத்திப் போட்டு அவனிடம் நீட்டினாள்.

“கொண்டு போங்க. வரும்போது பொம்மைய மட்டும் கொண்டு வந்தாப் போதும்.”