போட்டாச்சு

பெயரை எழுதிக்கொண்டிருந்தபோது அந்தக் குழந்தை இருமியது. மூன்று வயதிருக்கும். ஆஸ்பத்திரியில் பதிவுச் சீட்டு எழுதும் ஜன்னலின் விளிம்பில் கன்னத்தை வைத்திருந்ததால், இருமலின் வெதுவெதுப்பு உள்ளே சீட்டு எழுதுகிறவளின் புறங்கையில் பட்டது. கண்கள் சிவந்து நீர் கோத்திருந்தன. "மூணு நாளா சுரம்ங்க," என்றாள் தாய். அழத் தொடங்கிய குழந்தையிடம், சீட்டு எழுதிக்கொண்டிருந்த அவள் தன் பேனாவை நீட்டினாள். அது கடித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தது. அடுத்த ஆளிடம் வயது கேட்டபடியே, வழக்கம்போல அவளும் பேனாவின் நுனியைப் பல்லிடையில் வைத்துக்கொண்டாள். அது திங்கட்கிழமை.

புதன்கிழமை காலை 'கைகழுவு சிஸ்டர்' அவளைத் தேடி வந்தார். மருத்துவமனையில் தொற்றுத் தடுப்பைக் கவனிக்கிற நர்ஸ். டாக்டரானாலும் துப்புரவு ஆளானாலும் முதல் வார்த்தை "கை கழுவினீங்களா" என்பதால் அந்தப் பெயர். அன்றைக்கு அதைக் கேட்கவில்லை. 

"திங்கக்கிழமை வந்த அந்தக் குழந்தைக்குத் தட்டம்மை. உறுதியாயிடுச்சு. நீ ரெண்டு ஊசியும் போட்டிருக்கேன்னு ஃபார்ம்ல இருக்கு. அட்டை ஏதும் வச்சிருக்கியா?"

வேலையில் சேர்ந்த அன்று கொடுத்த ஃபார்ம். ஒவ்வொரு நோய்க்கும் மூன்று கட்டங்கள்: போட்டாச்சு, போடலை, தெரியாது. 'தெரியாது' என்று போட்டால் ரத்தம் எடுக்க வரிசையில் நிற்க வைப்பார்கள் என்று பக்கத்திலிருந்தவள் சொன்னாள். நான் என்ன வார்டுக்கா போகப்போகிறேன், சீட்டு எழுதுகிறவளுக்கு இதெல்லாம் எதற்கு என்று, முதல் கட்டத்திலேயே மேலிருந்து கீழ்வரை கடகடவென்று டிக் அடித்திருந்தாள்.

"தெரியாது சிஸ்டர். சும்மா அடிச்சிட்டேன்."

திட்டு விழும் என்று நினைத்தாள். சிஸ்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"வீட்ல யார் இருக்கா?"

"அவரும் பாப்பாவும். பாப்பாவுக்கு ஏழு மாசம்."

சிஸ்டர் கையிலிருந்த தாளில் 'ஏழு மாசம்' என்று குறித்துக்கொண்டார்.

"அந்தக் குழந்தை கடிச்ச பேனாவ வாயில வச்சேன் சிஸ்டர்."

"பேனாவே வேணாம்மா. ஒரே அறையில மூச்சு விட்டாலே போதும்."

அம்மாவுக்குப் போன் செய்தாள். "உனக்குப் போட்டேனா, உங்கண்ணனுக்குப் போட்டேனா," என்று அம்மா யோசித்தாள். "ரெண்டுல ஒண்ணு அழுது ஊரக் கூட்டுச்சு. எதுன்னு ஞாபகம் இல்லயே. ஏன் கேக்கற?"

"சும்மாம்மா."

குழந்தை இருமி எழுபத்திரண்டு மணி நேரம் தாண்டவில்லை, அதற்குள் போட்டால் நோயைத் தடுக்க வாய்ப்புண்டு என்பதால் அப்போதே ரத்தம் எடுத்து, ஊசியும் போட்டார்கள். போட்டாலும் நூற்றுக்கு நூறு சொல்ல முடியாது என்றார் சிஸ்டர். "அஞ்சாம் நாளுக்கு முன்னால உன்னால யாருக்கும் ஒட்டாது. அதுக்கப்புறம் இருபத்தோராம் நாள் வரைக்கும் வேலைக்கு வராத. ஒம்பதாம் மாசம் போடற ஊசியப் பாப்பாவுக்கும் முன்கூட்டியே போட்டுடலாம். ஆனா அது வேலை செய்ய நாளாகும்."

"நான் வீட்டவிட்டுத் தள்ளி இருக்கட்டுமா?"

"முடிஞ்சா இரு. நானா இருந்தா இருப்பேன்."

கணவர் முழுவதையும் கேட்டார். பாப்பா அவர் சட்டைப் பொத்தானைப் பிய்த்துக்கொண்டிருந்தது. "காஸ மூடினோமான்னு மூணு தடவ எழுந்து போய்ப் பாக்கறவ நீ," என்றார். அவ்வளவுதான். அதற்குப் பதில் அவர் கத்தியிருக்கலாம் என்றிருந்தது அவளுக்கு.

வெள்ளிக்கிழமை ரத்த முடிவு வந்தது. எதிர்ப்புச் சக்தி இல்லை. மறுநாளே, நாத்தனார் ஊருக்குப் போயிருந்ததால் பூட்டிக் கிடந்த அடுத்த தெரு மாடி வீட்டுக்குப் போனாள்.

பாலைப் பீய்ச்சிப் புட்டியில் அடைத்து வாசலில் வைப்பாள். அவர் வந்து எடுத்துப் போவார். ஒரு நாளைக்கு நான்கு முறை சுரம் பார்த்தாள். டார்ச் அடித்து வாய்க்குள் தட்டம்மையின் வெள்ளைப் புள்ளி தெரிகிறதா என்று கண்ணாடியில் தேடினாள். தும்மல் வந்தால் உடம்பு விறைத்தது. போன வருஷம் தட்டம்மை நெஞ்சில் இறங்கிவிட்ட ஒரு கைக்குழந்தைக்கு அவள் சீட்டு எழுதியிருந்தாள். ஐந்து நாள் கழித்துத் திரும்ப வரச் சொல்லி அதில் முத்திரை குத்தியதும் அவள்தான். அந்தத் தாய் திரும்ப வரவேயில்லை. வேறு ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பார்கள் என்று அப்போது நினைத்துக்கொண்டாள். இப்போது அப்படி நினைக்க முடியவில்லை.

அந்தத் திங்களிலிருந்து பத்தாம் நாள் மத்தியானம் சுரம் நூற்று ஒன்று காட்டியது. தெர்மாமீட்டரை உதறி வைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். அதே நூற்று ஒன்று.

"ஊசியாலயும் இந்த நாள்லதான் சுரம் வரும். நோயாலயும் இப்பதான் வரும்," என்றார் சிஸ்டர் போனில். "ஊசியால வந்த சுரம்னா யாருக்கும் ஒட்டாது. கண்ணு சிவந்திருக்கா?"

"சிவந்திருக்கு சிஸ்டர். ஆனா அழுதிருக்கேன்."

"சரி. நாளைக்கு நானே வந்து தொண்டையில சாம்பிள் எடுக்கறேன். அது வரைக்கும் யாருக்கும் கதவத் திறக்காத."

சாயங்காலம், தினமும் அவளுக்குக் காட்ட வருவதுபோல, தெருவின் எதிர்ச் சாரியில் பாப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் நின்றார். சுரம் என்று அவரிடம் இன்னும் சொல்லவில்லை. அவள் ஜன்னல் கதவைச் சாத்திவிட்டுக் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். பாப்பா மேலே பார்க்கவில்லை. தெருவில் போகிறவர்களை நோக்கிக் கையை நீட்டி நீட்டித் துள்ளியது.

கடைப் பையோடு போன ஒரு பெண் அதைக் கண்டு நின்றாள். சிரித்தாள். பாப்பாவின் விரலைப் பிடித்து ஆட்டினாள். பிறகு பையைக் கீழே வைத்துவிட்டு இருமினாள். முகத்தைத் திருப்பவில்லை. மறுபடியும் இருமினாள்.

மாடியில் அவள் ஜன்னல் கண்ணாடியைத் தட்டினாள். இரண்டு கையாலும் தட்டினாள். "தள்ளிப் போங்க, தள்ளிப் போங்க," என்று கத்தியது அறைக்குள்ளேயே நின்றது.

சத்தம் கேட்டு அவர் நிமிர்ந்தார். முகம் மலர்ந்தது. "அங்க பாரு, அம்மா கூப்பிடறா," என்று அந்தப் பெண்ணுக்கும் சேர்த்துக் காட்டி, பாப்பாவை இரு கையாலும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தார்.