மூன்றாவது கியர்

நேர்கோட்டு கார் பந்தயத்தின் அரையிறுதியில் ஜெயித்துவிட்டுத் திரும்பியவள் ஹெல்மெட்டைக் கழற்றும் முன்பே புகாரைத் தொடங்கிவிட்டாள்.

“அண்ணி, மூணாவது கியர் விழ மாட்டேங்குது. கரகரன்னு அரைக்குது. பக்கத்து வண்டிக்காரன் கிளம்பும்போதே தூங்கிட்டான், அதனால தப்பிச்சேன்.”

கூடாரத்தில் எல்லோரும் அவளைத் தீப்பெட்டி என்றுதான் கூப்பிடுவார்கள். சிறிய உடம்பு, உரசினால் பற்றிக்கொள்ளும் கோபம். அண்ணி, அவளுடைய அண்ணனின் மனைவி. அந்தக் காரின் கியர்பாக்ஸை ஒவ்வொரு பல்லாக அடுக்கிப் பூட்டியவள். இறுதி ஓட்டத்துக்கு இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது.

அடுத்த கூடாரத்து மெக்கானிக் சத்தம் கேட்டு வந்தார். “கியர் பெட்டிக்குள்ள பல்லு போயிருக்கும்மா. இறக்கிப் பாத்துடுங்க.”

“இறக்கி ஏத்த அஞ்சு மணி நேரம் ஆகும்,” என்றாள் அண்ணி. “ அப்புறம் பைனலை வேடிக்கைதான் பாக்கணும்.”

“இறக்காம ஓட்டினா பெட்டி பொடியாயிடும். நீங்க அடுக்கினதுதானே? எல்லாருக்கும் ஒருதடவை கை தவறும்.”

அண்ணி காருக்குள் உட்கார்ந்தாள். இன்ஜினை நிறுத்திவிட்டு ஒன்றிலிருந்து ஐந்து வரை கியரைப் போட்டுப் பார்த்தாள். ஒவ்வொன்றும் ஒரு விரலுக்கே விழுந்தது.

“கிளட்ச் பிளேட் தேஞ்சிருக்குமோ அண்ணி?”

“தேஞ்ச பிளேட் வழுக்கும். இன்ஜின் மட்டும் கத்தும், வண்டி பின்னாடி நிக்கும். உன் ஓட்டப் பதிவுல இன்ஜின் வேகமும் சக்கர வேகமும் ஒண்ணாத்தான் ஏறுது. பிளேட் நல்லாப் பிடிக்குது.” சற்று யோசித்தாள். “மிதிக்கும்போது முழுசா விடுதா இல்லையான்னுதான் தெரியல.”

ஜாக்கி வைத்து, பின்சக்கரங்களை அந்தரத்தில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தினாள். “ஏறு. கிளட்சை முழுசா மிதி, மூணாவது போடு. காலை எடுத்தே, தொலைச்சிடுவேன்.”

இன்ஜின் மெதுவாக ஓடும்போது சக்கரங்கள் அசையவில்லை.

“பாத்தீங்களா, கிளட்ச் விடுது. பெட்டிதான்,” என்றார் மெக்கானிக்.

“அவ என்ன, ஊர்வலத்துலயா கியர் மாத்துறா? ஆக்சிலேட்டரை மிதிடீ!”

இன்ஜின் அலறியது. ஆறாயிரம் சுற்றைத் தாண்டியதும் பின்சக்கரங்கள் மெல்ல நகர்ந்தன, பிறகு சுற்றவே ஆரம்பித்துவிட்டன. கிளட்ச் மிதிபட்டபடிதான் இருந்தது.

அண்ணி பெடலின் அடியில் டார்ச் அடித்தாள். அங்கே ஒரு போல்ட் உண்டு. பெடல் தேவைக்கு மேல் இறங்காமல் தடுப்பது. கால் இறங்கும் தூரம் குறைந்தால் கியர் மாற்றும் நேரமும் குறையும். போன வாரம் அதை வைத்தவள் அவள்தான். காரைத் தூக்கி, இன்ஜினை மெதுவாக ஓடவிட்டு, சக்கரம் நின்ற இடத்திலேயே போல்ட்டை இறுக்கியிருந்தாள். வேகம் ஏறும்போது கிளட்ச் விடுபட இன்னும் கொஞ்சம் தூரம் கேட்கும் என்பதை அன்று பார்க்கவில்லை.

எழுந்து, மெக்கானிக் காதிலும் விழும்படி சொன்னாள்: “பெட்டியில தப்பில்ல. போல்ட்டுல தப்பு. அது என் தப்பு.”

“அண்ணி ஒத்துக்கிட்டாங்க! யாராவது தேதியைக் குறிச்சு வைங்க!”

“குறிச்சாச்சு. நீ இறங்கு.”

போல்ட்டை ஒரு சுற்றுத் தளர்த்தினாள். சக்கரம் இன்னும் நகர்ந்தது. மேலும் அரைச் சுற்று. ஏழாயிரத்திலும் அசையாமல் நின்றது. அதற்கு மேல் ஒரு இழைகூட விடவில்லை. பெடல் அளவு மீறி இறங்கினால் கிளட்சின் ஸ்பிரிங் வளைந்துவிடும். நட்டைப் பூட்டி, அதன்மேல் வெள்ளைப் பெயின்டால் ஒரு கோடு போட்டாள்.

இறுதி ஓட்டத்தில் பச்சை விளக்கு எரிந்தபோது அண்ணி கண்ணை மூடிக்கொண்டாள். அவளுக்குக் காது போதும். ஒன்று. இரண்டு. பிறகு, அரைப்பு எதுவும் இல்லாமல், சத்தம் ஒரே ஒரு முறை அறுந்து உடனே ஒட்டிக்கொண்டது. மூன்று. கண்ணைத் திறந்தபோது பலகையில் அவர்கள் பக்கத்து வெற்றி விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

மைக்கோடு ஒருவர் ஓடிவந்து தீப்பெட்டியிடம் ரகசியம் என்ன என்று கேட்டார்.

“எங்க அண்ணி ஒரு தப்புப் பண்ணாங்க,” என்றாள் தீப்பெட்டி, பல்லெல்லாம் தெரிய. “அதை அவங்களே கண்டுபிடிச்சாங்க. வேற யாராவது பண்ணியிருந்தா பெட்டியை இறக்கியிருப்பாங்க.”

அடுத்த கூடாரத்து மெக்கானிக் தொண்டையைச் செருமினார். “எங்க வண்டியும் மூணாவதுல அரைக்குதும்மா. ஓய்வா இருக்கும்போது...”

அண்ணி ஜாக்கியை ஏற்கெனவே கையில் எடுத்திருந்தாள்.