மைக் ஓய்ந்த பிறகு

பழவேற்காடு ஏரித் தீவான பசியாவரத்தில் காலை மீன் ஏலம் களைகட்டியிருந்தது. பின்னால் கம்பத்தில் கட்டிய மைக், டெங்கு பரவுகிறது, தண்ணீரைத் தேங்க விடாதீர்கள் என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தது. இறால் வாங்க வந்த வெளியூர் வியாபாரிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஊர்த்தலைவர் உலகநாதனுக்குச் சுருக்கென்றது. காய்ச்சல்தான் இறங்கிவிட்டதே, இன்னும் எதற்கு இந்தக் கத்தல்? வியாபாரி பயந்து போய்விட்டால் ஊரே வயிற்றில் ஈரத்துணியைக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான். மைக்கைக் கழற்றச் சொன்னார்.

அவருடைய தம்பி மகள் சுபஸ்ரீ சென்னையில் கணித ஆராய்ச்சி செய்கிறவள். விழிப்புணர்வுப் பிரசாரம் நோயை எப்படி ஏற்றி இறக்குகிறது என்பதுதான் அவள் போடும் கணக்கு. விடுமுறைக்கு வந்திருந்தவள் ஓடிவந்து தடுத்தாள்.

"காய்ச்சல் தானா இறங்கல பெரியப்பா. மைக் சொல்லிச்சு, ஜனம் தண்ணிய கொட்டுச்சு, அதான் இறங்கிச்சு. மைக்க நிறுத்துனா முதல்ல பயம் போயிடும், கொசு போவாது. மறுபடி ஏறும்னுதான் கணக்குல வருது."

"கணக்கு காலேஜ்ல இருக்கட்டும்மா. இங்க மீன் விக்கணும்ல," என்றார் அவர். கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். சிரிப்பதற்கென்ன, காசா பணமா?

ஏரியில் பாடு, அதாவது முறை வைத்துத்தான் வலை போடுவார்கள். தன் முறை வரும்வரை மரப்படகு கரையில் கிடக்கும். வெயிலில் பலகை விண்டுபோகாமலிருக்க மழைத் தண்ணீரை அதிலேயே விட்டுவைப்பது வழக்கம். மைக் கத்திய நாட்களில் எல்லோரும் முணுமுணுத்துக்கொண்டே அதைக் கொட்டிவிட்டு ஈரச் சாக்கைப் போட்டு மூடினார்கள். மைக் ஓய்ந்ததும் அந்தச் சள்ளை யாருக்கு வேண்டும்? உலகநாதனின் படகும் வீட்டுக்கு எதிரிலேயே தண்ணீரோடு நின்றது. பள்ளி விட்டு வந்ததும் அதில் கால் அலம்புவாள் அவருடைய மகள் நந்தினி.

இறாலுக்கு நல்ல விலை கிடைத்தது. ஆனால் காய்ச்சலும் திரும்பி வந்தது. காய்ச்சல் கண்ட நந்தினியைப் படகில் பழவேற்காட்டுக்கும் அங்கிருந்து ஆம்புலன்ஸில் பொன்னேரிக்கும் கொண்டுபோனார்கள். "நைனா, வீட்டுக்குப் போலாம்" என்று வழியெல்லாம் அனத்திய பிள்ளை, ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன்பே அவர் மடியில் அடங்கிப்போனாள். பாவி மனுஷன், அழக்கூட வராமல் உட்கார்ந்திருந்தார்.

காரியம் முடிந்ததும் அவர் முதலில் செய்தது, தன் படகைக் கவிழ்த்ததுதான். பிறகு ஏலம் நடக்கும் நேரத்தில் மைக்கைத் தானே கட்டினார். சுபஸ்ரீ பிடித்துக்கொடுத்தாள். அவர் பேச ஆரம்பித்ததும் வியாபாரிகளில் சிலர் நகரத் தொடங்கினார்கள். அவர் பேச்சை நிறுத்தவில்லை.

"நோய் இறங்கிடுச்சுன்னு எச்சரிக்கைய நிறுத்தாதீங்க. எச்சரிக்கையாலதான் அது இறங்குது. நான் நிறுத்துனேன், என் பொண்ணு போயிட்டா. இனிமே ஒருத்தருக்கும் காய்ச்சல் இல்லாத அன்னிக்கும் நான் இங்க வந்து சொல்லுவேன்."